தெரியுதா என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றேன்

என் பெயர், என் கணவர் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் இதே காவல் நிலையத்துக்கு நான் ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்தின் மேல்பகுதியில் இருப்பவைதான். அவற்றில் மாற்றம் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் உள்ள பெண்கள் அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை செய்து வருகிறேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். முந்தைய வாக்குமூலத்தில் பெயரும் வயதும் விலாசமும் நிஜம், முக்கியமான இடம் பொய் என்பதைச் சொல்வதற்காக இன்று காலை நானாகவே நிலையத்துக்கு வந்தேன். வாசலில் நின்ற காவலர், "என்னம்மா, ஏதாவது தொலஞ்சு போச்சா?" என்று கேட்டார். என் மானம்தான் சார் என்று நுனிநாக்குவரை வந்ததை அடக்கிக்கொண்டு, சார்பு ஆய்வாளர் மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இந்த வாயை முன்பே இப்படி அடக்கியிருந்தால் எனக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்களுக்கு முடியை வைத்துத்தான் பெயர் வைப்போம். நேரம் குறித்து வைக்கும்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். இந்த வழக்கில் புகார் கொடுத்திருக்கும், முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்த பெண் எங்களுக்குச் சுருட்டை. அந்த இல்லத்தின் பொறுப்பாளர், இப்போது காவலில் இருப்பவர், முடியைக் காதளவுக்குக் குட்டையாகப் பாப் வெட்டிக்கொள்வதால் எங்களுக்குப் பாப் மேடம். இருவரையும் அப்படித்தான் எனக்குத் தெரியும் என்பதால் இதிலும் அப்படியே சொல்கிறேன். இப்படியே எழுதவா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார், எழுதுங்கள் என்றேன்.

முன்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மாமியார், நாத்தனார், பிள்ளையின் படிப்பு, கொழுந்தனுக்குப் பெண் அமையாதது என்று கழுத்தில் துணியைக் கட்டி முடிப்பதற்குள் பாதிக் குடும்பம் தெரிந்துவிடும். இப்போது உட்கார்ந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிடுகிறார்கள். குனிந்தால் பின்கழுத்தில் வெட்டுவது சுலபம் என்பதால் நிமிரச் சொல்ல எனக்கும் தோன்றாது. நாள் முழுக்க நின்றுகொண்டு, யாரோடும் பேசாமல், மண்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். முதலில் கண் தற்செயலாகத்தான் அவர்கள் போன் பக்கம் போனது. அதன் பிறகு நானே கண்ணை அனுப்பினேன். யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் வேலையை விடப் பார்க்கிறார்கள், யார் வீட்டுக்காரருக்கு எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் படிப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போடும்போது என் கணவரிடம் சொல்வேன். "இன்னிக்கு என்ன செய்தி?" என்று அவரும் தட்டை இழுத்துக்கொண்டே கேட்பார். இதை நாங்கள் தப்பாகவே நினைத்ததில்லை. யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் இருந்தோம்.

சுருட்டை எங்களிடம் வர ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அடர்த்தியான முடி, ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும் என்பதால் என்னைத் தவிர வேறு யாரையும் தொட விட மாட்டார். வந்தால் என் நாற்காலி காலியாகும்வரை காத்திருப்பார். அதன் பிறகு ஒரு நாள் அவர் போனில் ஒரு படம் பார்த்தேன். வயதானவர் ஒருவரின் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு போர்வைக் கிழிசலால் கட்டியிருந்தது. கட்டு இறுகிய இடத்தில் தோல் நிறம் மாறியிருந்தது. அடுத்த படத்தில் யாருடைய முதுகோ, புண்ணோடு. அந்தப் படங்களை அவர் முதியோர் இல்லங்களைச் சோதனை செய்யும் அலுவலகத்தில் இருக்கும் ஓர் எழுத்தருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கட்டப்பட்டிருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் என்பதும், தெருவைப் பார்த்தால் கடிதம் கொடுக்கக் கிளம்பிவிடுவார் என்பதால் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதும் நான் அந்த மெசேஜ்களில் படித்ததுதான். சீப்பை எடுப்பது போலக் கத்தரியைக் கீழே வைத்தேன். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது சுருட்டை சந்தோஷமாக இருந்தார். போனில் புதிதாகப் பிரைவசி கிளாஸ் ஒட்டியிருந்தார். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களும், இல்லத்தில் சாப்பிடும்போது கூட உட்காருகிறவர்களும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள் என்றும், பாப் மேடத்துக்குச் செய்தி சொல்லும் ஆள் அதில் யார் என்று தெரியவில்லை என்றும் சொன்னார். போனை எனக்குப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். ஸ்கிரீன் கறுப்பாகத்தான் தெரிந்தது. அதன் பிறகு மடியில் வைத்துக்கொண்டு குனிந்து, "பாருங்கக்கா, இப்ப தெரியுதா?" என்று கேட்டார்.

அந்தக் கண்ணாடி இடமும் வலமும் இருப்பவர்களுக்குத்தான் மறைக்கும். நான் நிற்பது அவர் தலைக்கு நேர் பின்னால். அவர் கண் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறதோ அதே பக்கத்திலிருந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து என் கண் பார்க்கிறது. எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. எழுத்தர் அனுப்பிய வணக்கம் கூடத் தெரிந்தது.

"ஒண்ணுமே தெரியலம்மா. கடையில நல்லாத்தான் ஒட்டிக் குடுத்திருக்காங்க" என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். தெரிகிறது என்றால் இத்தனை நாளும் தெரிந்தது என்று ஆகிவிடும். அது ஒன்று. இன்னொன்று, தெரிகிறது என்றால் அவர் போனை மூடிவிடுவார், தபால்காரருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டாவதுதான் பெரிய காரணம். சொல்வதற்கு வாய் கூசுகிறது. அவர் நம்பிக்கொண்டு, அன்றைக்கு என் முன்னால் முன்பைவிடத் தைரியமாக எழுதினார்.

அதன் பிறகு அவர் வந்தபோது தேதி குறித்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்கு வருகிறார்கள் என்றும், அதிகாரியையும் தன்னையும் தவிர அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்றும், அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் எழுத்தர் எழுதியிருந்தார். கடைப் படியிறங்கும்போதே இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல எனக்கு நாக்கு அரித்தது. என் கணவரிடம் சொன்னேன். "பாவம், நல்லது நடந்தா சரி" என்றார். அதோடு விட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பாப் மேடம் தலைக்கு டை அடிக்க வந்தார். நான்தான் கலக்கிப் பூசினேன். பூசிக்கொண்டிருக்கும்போது இல்லத்தில் வேலை செய்பவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். "எல்லாம் சோத்துக்கு வந்ததுங்க. அதுல ஒரு சுருட்டை முடிக்காரி இருக்கா. வாயத் தொறந்தா சட்டம் பேசறா" என்றார். சுருட்டையும் இங்கேதான் முடி வெட்டிக்கொள்கிறார் என்பது பாப் மேடத்துக்குத் தெரியாது. நான், "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு மேடம்" என்றேன். அதற்கு அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ தலையப் பாரும்மா. உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. இருபது வருடமாக நின்ற நிலையில் எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாதாம். "எனக்கா தெரியாது? வியாழக்கிழமை ஆபீஸ்ல இருந்து வந்து ஒவ்வொரு போர்வையா தூக்கிப் பாப்பாங்க இல்ல, அப்ப தெரியும் மேடம், யார் என்ன சட்டம் பேசினாங்கன்னு" என்று சொன்னேன்.

சுருட்டைக்காகப் பரிந்து பேசியதாகவே அந்த நிமிடத்தில் நினைத்தேன். நல்லா வாங்கிக்கட்டிக்கொண்டார் என்று உள்ளே ஜில்லென்று இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், ஏனென்றால் இது நடந்தது.

டை ஊறுவதற்கு அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். பாப் மேடம் பாதியிலேயே எழுந்தார். "கழுவி விடும்மா" என்றார். இப்போது கழுவினால் நிறம் பிடிக்காது மேடம் என்று சொன்னேன். "பரவால்ல, கழுவு" என்றார். கழுவினேன். தலை துவட்டக்கூட நிற்காமல், ஈரம் சொட்டச் சொட்ட, காதுக்குப் பின்னால் கறையோடு படியிறங்கிப் போனார். தலைமுடி பாதி நரையும் பாதி பழுப்புமாக வெளியே போகிற ஆள் அவர் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுருட்டையின் போன் எண் கடையில் இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே எழுத்தரிடம் சொல்லி, மறுநாளே சோதனைக்கு வரச் செய்திருக்கலாம். எண்ணை எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி அக்கா தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு அன்றைக்கும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. பாப் மேடம் ஒன்றும் செய்ய மாட்டார், அப்படி என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்தடுத்த தலைகளை வெட்டினேன்.

அதன் பிறகு நடந்தது காவல் நிலையத்துக்குத் தெரியும். புதன்கிழமை காலையிலேயே சுருட்டையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூச்சி மருந்து அடிக்க வேண்டும் என்று காரணம் சொல்லி, கட்டி வைத்திருந்தவர்களையும் புண் உள்ளவர்களையும் மட்டும் மதியம் வேனில் ஏற்றி, பாப் மேடத்தின் தம்பிக்குச் சொந்தமான காலிக் கிடங்கில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். வியாழக்கிழமை வந்த அதிகாரிகள் வெள்ளைப் போர்வை விரித்த கட்டில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கிடங்கில் கட்டுவதற்குக் கட்டில் இல்லாததால் தபால்காரரைக் கட்டிப்போடாமல் விட்டிருக்கிறார்கள். கதவு திறந்தபோது வெளியே நடந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவரைக் கால்வாயில் எடுத்தார்கள். நான் அவரை உயிரோடு ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் மணிக்கட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சோதனை விஷயம் முன்கூட்டியே தெரியாது, பூச்சி மருந்துக்காகத்தான் மாற்றினோம் என்று பாப் மேடம் சாதித்ததால், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரிக்க நீங்கள் எங்கள் அழகு நிலையத்துக்கு வந்தீர்கள். செவ்வாய்க்கிழமை அவர் ஏன் பாதியில் போனார் என்று கேட்டீர்கள். முதலாளி அக்கா பக்கத்தில் நின்றார். பக்கத்து நாற்காலியில் அன்று சிரித்தவர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. "ஏதோ போன் வந்துச்சு. பேசிக்கிட்டே எழுந்து போனாங்க" என்று நான் சொன்னேன். யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்த முதல் பொய் அது. அன்று அந்த நேரத்தை ஒட்டி சோதனை அலுவலக எண்ணிலிருந்து பாப் மேடத்துக்கு ஓர் அழைப்பு போயிருப்பது எனக்கு அப்போது தெரியாது. இல்லத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும் காகிதம் ஒன்றுக்காக எழுத்தர் கூப்பிட்டிருக்கிறார். அது அவருடைய வழக்கமான வேலை. நான் சொன்ன போனும் அவர் செய்த போனும் ஒன்று என்று ஆகி, அவரைக் காவலில் எடுத்தீர்கள். உண்மையில் பாப் மேடம் நாற்காலியில் இருந்தவரை அவருக்குப் போன் எதுவும் வரவில்லை. அவருடைய போன் கைப்பைக்குள் இருந்தது, கைப்பை என் அலமாரியில் இருந்தது.

எழுத்தரைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். "உன் வாய் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இப்பவாவது சும்மா இரு. வேலையும் போய், பேரும் போய் நாறணுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தினமும் செய்தி கேட்டுச் சாப்பிட்டவர் என்பதால் அவருக்கும் பயம். அவர் மேல் பழியைப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் சும்மாதான் இருந்திருப்பேன்.

நேற்று மாலை சுருட்டை வந்தார். முடி வெட்ட வரவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் அக்கா என்றார். நாற்காலி காலியாக இருந்ததால் அதில் உட்கார வைத்துத் தலையைச் சீவிவிட்டேன். அதிகாரியை விட்டால் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம், நான் சொல்லவில்லை, அப்படியென்றால் எழுத்தர்தானே என்று சொன்னார். "நம்பித்தானே எல்லாப் படத்தையும் அனுப்பினேன். அந்தப் பெரியவர என் கையாலயே அனுப்பி வச்ச மாதிரி இருக்கு" என்று அழுதார். மறுநாள், அதாவது இன்றைக்கு, நிலையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், எழுத்தர்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். நான் சீவிக்கொண்டே இருந்தேன். சிக்கு இல்லாத முடியைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு அவர், "ஆனா மனசு ஒத்துக்க மாட்டேங்குதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்து, தலைக்கு மேலே தூக்கி என் கையில் கொடுத்தார். காவலில் எடுப்பதற்கு முன்பு எழுத்தர் அனுப்பிய மெசேஜ்கள் என்றும், தான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை என்றும் சொன்னார். "நீங்க எத்தனையோ பேரப் பாத்திருப்பீங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. பொய் சொல்றவர் எழுதற மாதிரியா இருக்கு?" என்று கேட்டார்.

வாங்கினேன். "அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல, என் பொண்ணு மேல சத்தியம்" என்று முதல் வரி இருந்தது. அதற்குக் கீழே நிறைய இருந்தது. ஒளித்துப் படித்தபோது ஒரு எழுத்தும் தப்பாதவளுக்கு, படி என்று கையில் கொடுத்தபோது அடுத்த வரிக்குக் கண் போகவில்லை. "கண்ணாடி கொண்டுவரலம்மா, சரியா தெரியல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியே கிடையாது.

"பரவால்லக்கா" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல நீங்களாவது இருக்கீங்களே" என்றார். பிடித்த இடம் இன்னும் எரிகிறது.

அதனால் அவர் வருவதற்கு முன்னால் நான் வந்துவிட வேண்டும் என்று சார்பு ஆய்வாளர் எப்போது இருப்பார் என்றுகூட விசாரிக்காமல் கிளம்பி வந்தேன். என் கணவர் வேலைக்குப் போன பிறகு வந்தேன். முதலாளி அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து எனக்கு அந்த நாற்காலி இல்லை. இருக்கவும் கூடாது. பாப் மேடத்துக்குச் சோதனை விஷயத்தைச் சொன்னது நான்தான். எழுத்தருக்கு அதில் சம்பந்தம் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும். முதலில் பொய் சொன்னதற்கும் தபால்காரருக்கு நடந்ததற்கும் என் மேல் என்ன வழக்குப் போட வேண்டுமோ போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சார்பு ஆய்வாளர் எழுந்து போய் வெளியே பார்த்துவிட்டு வந்து, புகார்தாரர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார். "நீங்களே அவங்ககிட்ட சொல்றீங்களா, இல்ல நான் படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. இத்தனை பேச்சு பேசிய வாய்க்கு அது மட்டும் வரவில்லை. நீங்களே படித்துக் காட்டுங்கள், நான் அவர் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போக மாட்டேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு வாக்குமூலத்தின் கடைசியில் எழுத வேண்டிய வரியை அவர் சொல்லிக் காட்டினார். யாரும் அடிக்காமல், மிரட்டாமல், ஆசை காட்டாமல், எனக்குத் தெளிவாக நினைவு இருக்கும்போது நானாகச் சொன்னது என்று வரும் என்றார். அது சரிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை பாப் மேடத்திடம் சொன்னதற்கும் இதே வரியைச் சேர்த்து எழுதுங்கள் என்றேன். அது இந்தப் படிவத்தில் வராதே அம்மா என்று தயங்கினார். அன்றைக்கும் என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை, யாரும் எதையும் கேட்கக்கூட இல்லை, நானாகத்தான் சொன்னேன், சொல்லும்போது எனக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது என்று சொன்னேன். எழுதினார்.

எழுதியதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, எல்லாம் உண்மை.

ஒப்பம்.